விலையில்லாக் கலைக்கு விலை கொடுப்பவர் யார்?

பாடுவோனுக்கும் ஆடுவோனுக்கும் பொருள் கொடுப்பவர் யார் என்னும் வினா கலையைப் போன்றே பழமை வாய்ந்தது. சங்க காலத்துப் பாணரும் பொருநரும் விறலியரும் வள்ளல்களின் வாயிலை நாடிச் சென்று பரிசில் பெற்று வாழ்ந்தனர். அவர்தம் பாட்டை ஊரவரும் கேட்டு இன்புற்றனர். ஆனால், பரிசில் கொடுத்தவன் மன்னனே. பிற்காலத்திற் கோயில்கள் இசைவாணருக்கும் கூத்தருக்கும் நிலங்களை மானியமாக அளித்தன. வீதியில் நின்று நாதசுரம் கேட்டவர் விலை கொடாது கேட்டனர் என்பது உண்மை. ஆயின், அவ்விசை விலையின்றி விளைந்ததன்று. யாரோ ஒருவர் விலை கொடுத்தமையாலேயே மற்றையோர்க்கு அது இலவசமாயிற்று.

இணையம் பரவியுள்ள இக்காலத்தில் இவ்வினா புதியதொரு வடிவில் எழுந்து நிற்கின்றது. கைத்தொலைபேசி வைத்திருக்கும் மாணவன் ஒருவன், உலகின் எம்மூலையிற் பாடப்பட்ட பாட்டையும் எடுக்கப்பட்ட படத்தையும் ஒரு சதமும் செலவிடாது நொடிப்பொழுதிற் பெறுகின்றான். அவன் பெறும் அவ்வின்பத்துக்கு விலை கொடுப்பவர் யார்? சில வேளைகளில் விளம்பரம் செய்யும் வணிகர் கொடுக்கின்றனர். சில வேளைகளில் எவரும் கொடுப்பதில்லை. இவ்விரண்டும் கேட்போனின் கண்ணுக்கு ஒன்று போலவே தோன்றும். உண்மையில் அவை தம்முள் மிக வேறுபட்டவை. அவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளுதற்கு விளம்பரம், களவுப் பிரதி, இலவசக் கேளிக்கை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து வந்த வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

முதற்கண் கலைப்பொருளின் இயல்பை ஆராய்வோம். ஒரு மூடை நெல்லை ஒருவர் உண்டால் மற்றவருக்கு அந்நெல் இல்லை. பாட்டு அத்தகையதன்று. ஆயிரம் பேர் கேட்டாலும் அது குறைவதில்லை. ஆனால், அப்பாட்டின் முதற் பிரதியை ஆக்குவதற்குப் பெருஞ் செலவு உண்டு. புலவனின் காலமும், பாடகனின் பயிற்சியும், வாத்தியக்காரரின் கூலியும், ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகையும் முதற் பிரதியிலேயே அடங்கிவிடும். இரண்டாம் பிரதிக்கு வேண்டுவது சிறு செலவே. அச்சுக் காலத்தில் அது தாளும் மையுமாகவும், இசைத்தட்டுக் காலத்தில் அரக்கும் அழுத்தும் பொறியுமாகவும் இருந்தது. டிஜிற்றல் எனப்படும் எண்முறைப் பதிவில் அச்செலவு ஏறத்தாழ இல்லையெனுமளவுக்குக் குறைந்துவிட்டது. பிரதியின் செலவு குறையக் குறைய, முதற் பிரதியின் செலவை மீட்டெடுத்தல் கடினமாகின்றது. இதுவே இத்துறையின் அடிப்படைச் சிக்கல் எனலாம்.

இச்சிக்கலைத் தீர்ப்பதற்கு மனிதர் கண்ட வழிகள் மூன்று. கேட்போரே நேராக விலை கொடுத்தல் ஒன்று. அரசு வரியாகவோ கட்டணமாகவோ திரட்டிக் கொடுத்தல் மற்றொன்று. தம் பொருளை விற்க விரும்பும் வணிகர் விளம்பரத்தின் பொருட்டுக் கொடுத்தல் மூன்றாவது. இவற்றுள் எதுவும் இல்லாதவிடத்துக் கலைஞனே அந்நட்டத்தைத் தாங்குகின்றான். களவுப் பிரதியின் வழி அதுவே.

விளம்பரத்தின் வழி முதலிற் பத்திரிகைத் துறையிலேயே பெருவழியாயிற்று. 1833ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் பெஞ்சமின் டே என்னும் அச்சகத்தார் 'சன்' என்னும் நாளிதழைத் தொடங்கி, அதனை ஒரு சதத்துக்கு விற்றார். அக்காலத்தில் ஏனைய நாளிதழ்களின் விலை ஆறு சதமாகும். விற்பனையில் இழந்ததை விளம்பரத்தால் ஈட்டலாம் என்பதே அவர் கணிப்பு. மூன்றாண்டுகளின் பின், 1836இல், பாரிஸ் நகரில் எமில் டி ஜிரார்டன் 'லா பிரெஸ்' என்னும் இதழை ஏனைய இதழ்களின் பாதிச் சந்தாவுக்கு அளித்து அதே வழியைப் பின்பற்றினார். அன்று முதல் பத்திரிகையாளர் இருவகைப் பண்டங்களை விற்போராயினர். வாசகருக்குச் செய்தியை விற்றனர். வணிகருக்கு வாசகரின் கவனத்தை விற்றனர். இரண்டாவது விற்பனையின் வருவாய் முதலாவதன் விலையைக் குறைத்தது.

வானொலி தோன்றியபோது இச்சிக்கல் மேலுங் கடுமையாயிற்று. பத்திரிகையை வாங்காதவனிடமிருந்து மறைக்கலாம். வான்வழி வரும் ஒலியை எவ்வாறு மறைப்பது? இவ்வினாவுக்கு 1922ஆம் ஆண்டில் இரு நாடுகள் இரு வேறு விடைகளைக் கண்டன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் நியூயோர்க்கின் டபிள்யூ.ஈ.ஏ.எவ். நிலையம் வீடு விற்கும் நிறுவனம் ஒன்றிடம் பணம் பெற்று அதன் விளம்பரத்தை ஒலிபரப்பியது. அமெரிக்க வானொலி வணிகரின் பணத்தால் வளரும் வழியை அது திறந்துவைத்தது. பிரித்தானியாவிலோ, அதே ஆண்டில் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுக்குப் பத்துச் சிலிங் அனுமதிக் கட்டணம் செலுத்தும் முறை ஏற்பட்டது. அக்கட்டணத்தைக் கொண்டே பி.பி.சி. விளம்பரமின்றி இயங்கிற்று.

இலங்கையும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950ஆம் ஆண்டு தொடங்கிற்று. 1952ஆம் ஆண்டளவில் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர், சினிமாப் பாடல்கள் தரங் குறைந்தவை எனக் கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடமளிப்பதைக் கட்டுப்படுத்தினார். மக்கள் விரும்பிய அப்பாடல்களை இலங்கை வானொலி பாக்கு நீரிணைக்கு அப்பாலும் ஒலிக்கச் செய்தது. 1952இல் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்தி நிகழ்ச்சி, பற்பசை விற்போரின் பணத்தால் நடைபெற்று, அமீன் சயானியின் குரலால் இந்தியா முழுவதும் புகழ் பெற்றது. கேட்டவர் எவரும் இலங்கைக்குக் கட்டணம் அனுப்பவில்லை; பற்பசையே அந்நிகழ்ச்சிக்கு விலை கொடுத்தது. நேயர் கைநழுவிப் போவதைக் கண்ட இந்திய வானொலி 1957இல் 'விவித பாரதி' சேவையைத் தொடங்கியது. பத்தாண்டுகளின் பின், 1967இல், அச்சேவையிலும் விளம்பரத்துக்கு இடமளித்தது. மக்கள் விரும்பும் ஒன்றை ஒரு வாயிலில் மறித்தால் அது மற்றொரு வாயிலால் வந்தே தீரும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று பிரித்தானியக் கடலிலும் நிகழ்ந்தது. பி.பி.சி. இளைஞர் விரும்பிய இசைக்குப் போதிய நேரம் ஒதுக்காத காலத்தில், 1964ஆம் ஆண்டு, ரோனன் ஓ'ராஹிலி என்னும் ஐரிஷ்காரர் ஒரு கப்பலிலே 'ரேடியோ கரோலைன்' என்னும் நிலையத்தை அமைத்து, கரையோர நீரெல்லைக்கு அப்பால் நங்கூரமிட்டு நாள் முழுவதும் பாட்டு ஒலிபரப்பினார். அதற்குப் பொருள் தந்தது விளம்பரமே. உலகம் இத்தகைய நிலையங்களைக் 'கொள்ளையர் வானொலி' என்றழைத்தது. 1967ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவற்றைத் தடைசெய்யுஞ் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அடுத்த மாதத்திலேயே பி.பி.சி. தன் 'ரேடியோ வன்' சேவையைத் தொடங்கி, கப்பல்களிற் பணியாற்றிய அறிவிப்பாளர் சிலரையும் தன்பாற் சேர்த்துக்கொண்டது. சட்டம் தடுத்தது, ஆயினும் தடுக்கப்பட்டோர் நிறைவேற்றிய தேவையை அரசின் நிறுவனமே பின்னர் நிறைவேற்ற நேர்ந்தது.

விளம்பரத்தின் வழியில் ஆபத்து இல்லாமலில்லை. பொருள் கொடுப்பவன் பாட்டையும் தன் விருப்பத்துக்கேற்ப வளைக்க முற்படுவான். 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வினாவிடைப் போட்டிகள் பெரும் புகழ் பெற்றிருந்தன. பார்ப்போர் தொகை குறையக் கூடாதென்னும் நோக்கால், போட்டியாளர் சிலருக்கு விடைகள் முன்கூட்டியே அளிக்கப்பட்டன. 'ட்வென்ரி வன்' என்னும் போட்டியில் வென்று நாடறிந்தவரான சார்ள்ஸ் வான் டோரன், தமக்கு விடைகள் தரப்பட்டமையை 1959இல் அமெரிக்கக் காங்கிரசின் குழு முன்னிலையில் ஒப்புக்கொண்டார். இத்தகைய ஏமாற்று 1960இற் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. இலவசமாகக் கிடைப்பதன் உண்மை விலை சில வேளைகளில் உண்மையாகவே அமைந்துவிடுகின்றது.

இனிக் களவுப் பிரதியை நோக்குவோம். நூல்களை உரிமையின்றி அச்சிடுவோரைக் கடற்கொள்ளையர் என்றழைக்கும் வழக்கு ஆங்கிலத்திற் பதினேழாம் நூற்றாண்டிலேயே உண்டு. 1710ஆம் ஆண்டு ஆன் அரசியின் காலத்து நிறைவேறிய சட்டம், நூலாசிரியருக்குப் பதினான்கு ஆண்டு உரிமையை வழங்கி, அவர் உயிரோடிருப்பின் மேலும் பதினான்கு ஆண்டுகள் அதனை நீடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் வீதிகளில் இசைக்குறியீட்டுத் தாள்களின் களவுப் பிரதிகள் மிக மலிவாக விற்கப்பட்டன. வெளியீட்டாளர் வைக்கும் விலை ஏழைகளுக்கு எட்டாதது என்னும் வாதம் அன்று பாராளுமன்றத்திலும் எழுந்தது. இன்று இணையத்திற் கேட்கும் வாதமும் இதுவே. 1902இலும் 1906இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் அவ்விற்பனையை ஒடுக்கின.

ஒடுக்குவதின்றி வேறு வழியும் உண்டு என்பதை அமெரிக்க வரலாறு காட்டுகின்றது. துளையிட்ட தாட்சுருளைக் கொண்டு தானே இசைக்கும் பியானோக்கள் அங்கே பரவியபோது, அச்சுருள்களுக்கு இசையமைப்பாளர் கட்டணம் கோரினர். மனிதர் கண்ணால் வாசிக்க இயலாத சுருள் பிரதியாகாது என்று 1908இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே காங்கிரஸ் புதிய சட்டமொன்றை இயற்றியது. ஒருமுறை பதிவுசெய்ய அனுமதிக்கப்பட்ட பாட்டை எவரும் பதிவுசெய்யலாம். ஆனால், பிரதியொன்றுக்கு இரண்டு சதம் இசையமைப்பாளருக்குச் செலுத்துதல் வேண்டும். பொறியைத் தடுக்காது, கூலியையும் மறுக்காது அமைந்த ஏற்பாடு இது. வீடியோப் பதிவுப் பொறி வந்தபோதும் திரைப்படத் துறையினர் தம் தொழில் அழியுமென அஞ்சி வழக்குத் தொடுத்தனர். 1984இல் ஐவருக்கு நால்வராகப் பிரிந்த நீதியரசர், வீட்டிற் பின்னர் பார்த்தற்காகப் பதிவுசெய்தல் குற்றமன்று என்றனர். பின்னர் வீடியோ நாடா விற்பனையே அத்துறைக்குப் பெரும் வருவாயாயிற்று.

எண்முறைப் பதிவு இப்பழைய வழக்குகளனைத்தையும் ஒருசேர மீண்டும் எழுப்பியது. ஜேர்மனியின் பிரவுன்ஹோபர் நிறுவனத்தார் முன்னின்று உருவாக்கிய எம்பி3 என்னும் முறை, பாட்டைப் பத்தில் ஒரு பங்களவுக்குச் சுருக்கி இணையத்தின் வழியே அனுப்ப வழிசெய்தது. 1999ஆம் ஆண்டு ஷோன் பானிங் என்னும் இளைஞர் 'நப்ஸ்ரர்' என்னும் சேவையை வெளியிட்டார். நப்ஸ்ரர் தன்னிடத்தே பாட்டெதனையும் வைத்திருக்கவில்லை. எவருடைய கணினியில் எப்பாட்டு உண்டு என்னும் அட்டவணையையே வைத்திருந்தது. அவ்வட்டவணையின் துணையால் ஒருவர் மற்றவரிடமிருந்து பாட்டைப் பெற்றுக்கொண்டனர். அவ்வாண்டின் இறுதியிலேயே இசைக் கம்பனிகள் வழக்குத் தொடுத்தன. 2001இற் சேவை நின்றது. ஆயினும், அதன் இடத்தைப் பிற சேவைகள் நிரப்பின. 2003 முதல் கம்பனிகள் தனியாட்கள் பல்லாயிரவர்மீது வழக்குத் தொடுத்தன. முதலில் வழக்குக்கு உள்ளானோருள் பன்னிரண்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. 2009இற் சுவீடன் நீதிமன்றம் 'பைரட் பே' என்னும் தளத்தோடு தொடர்புடைய நால்வருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. இவ்வளவு செய்தும் இழப்பு நின்றபாடில்லை. 1999இல் 14.6 பில்லியன் டொலராயிருந்த அமெரிக்க இசைப்பதிவு வருவாய், 2014இல் 7 பில்லியனுக்குங் குறைந்தது. இவ்வீழ்ச்சி முழுவதுங் களவால் விளைந்ததன்று. முழுத் தட்டை வாங்கியோர், 2003இல் அப்பிள் கம்பனி திறந்த கடையில் 99 சதத்துக்குத் தனிப்பாட்டை வாங்கத் தொடங்கியமையும் ஒரு காரணமாகும்.

இந்நிலையில் விளம்பரம் மீண்டும் அரங்கேறியது. 2005இல் தோன்றிய யூடியூப் தளத்தைக் கூகிள் கம்பனி 2006இல் 1.65 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அங்கே உரிமையின்றி ஏற்றப்பட்ட படங்கள் மலிந்திருந்தன. 2007இல் வயகொம் கம்பனி நூறு கோடி டொலருக்கு மேல் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் யூடியூப் புதிய பொறிமுறையொன்றை அமைத்தது. உரிமையாளர் தம் படைப்பின் மூலத்தை அளித்தால், தளத்தில் ஏறும் ஒவ்வொன்றும் அதனோடு ஒப்பிடப்படும். ஒத்திருப்பின், உரிமையாளர் அதனை நீக்கலாம்; அல்லது அப்படியே விடுத்து, அதனோடு வரும் விளம்பர வருவாயைத் தாமே பெறலாம். பலர் இரண்டாவதையே தெரிந்தனர். களவே கூலியாக மாறிய விந்தை இது. 1909இல் இரண்டு சதத்தால் ஏற்பட்ட இணக்கம் நூறாண்டின் பின் வேறு வடிவில் மீண்டும் ஏற்பட்டது எனலாம். 2023இல் யூடியூப்பின் விளம்பர வருவாய் 31.5 பில்லியன் டொலராகும்.

பைரட் பே தோன்றிய அதே சுவீடனிற் பிறந்தது ஸ்பொட்டிபை. களவினும் எளிதாகவும் விரைவாகவும் பாட்டைத் தருவதே களவை வெல்லும் வழி என்னுங் கருத்தோடு அது 2008இல் ஐரோப்பாவிற் சேவையைத் தொடங்கியது. விளம்பரத்தோடு கேட்போருக்கு இலவசம். விளம்பரமின்றிக் கேட்போருக்கு மாதக் கட்டணம். அதன் கணக்கு மிகவும் பயன் தரும் பாடமாகும். 2023ஆம் ஆண்டின் முடிவில் அதனைப் பயன்படுத்தியோர் 602 மில்லியன். அவருட் கட்டணம் செலுத்தியோர் 236 மில்லியன். அவ்வாண்டு வருவாய் ஏறத்தாழ 13.2 பில்லியன் யூரோ. அதில் 11.6 பில்லியன் கட்டணத்தால் வந்தது. விளம்பரத்தால் வந்தது 1.7 பில்லியனே. வகுத்து நோக்கின், கட்டணம் செலுத்துவோர் ஒருவரால் ஆண்டுக்கு ஏறத்தாழ 49 யூரோவும், இலவசமாகக் கேட்போர் ஒருவரால் ஏறத்தாழ 5 யூரோவும் கிடைத்தன. பத்துக்கு ஒன்று என்பதே விகிதம்.

இவ்விகிதத்தால் இரண்டு உண்மைகள் புலப்படும். விளம்பரம் மட்டுமே இசைக்கலை முழுவதையுந் தாங்கும் என்பது பொருந்தாது என்பது ஒன்று. இலவசமாகக் கேட்போர் பயனற்றவர் என்பதும் பொருந்தாது என்பது மற்றொன்று. களவாகக் கேட்போரால் வருவது ஒன்றுமில்லை; விளம்பரத்தோடு கேட்போரால் ஐந்து யூரோவாயினும் வருகின்றது. அவருட் பலர் நாளடைவிற் கட்டணஞ் செலுத்துவோராகவும் மாறுகின்றனர். ஆதலின், விளம்பரத்தோடு கூடிய இலவசம் களவுக்கும் கட்டணத்துக்கும் இடையே அமைந்த பாலமாகும். அப்பாலம் எட்டாத இடங்களிற் களவு நிலைபெறும். ஐரோப்பாவில் 2008இல் தொடங்கிய அச்சேவை இலங்கைக்கு 2021இலேயே வந்து சேர்ந்தது. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் இங்குள்ளோர் அச்சேவைக்குப் பணங் கொடுக்க விரும்பியிருப்பினும், கொடுத்தற்குரிய வாயில் இருக்கவில்லை.

ஈண்டு மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். களவுத் தளங்களும் பெரும்பாலும் விளம்பரத்தாலேயே வாழ்கின்றன. இக்காலத்து விளம்பர இடங்கள் பொறிகளால் நொடிக்குட் பல நூறாயிரமாக ஏலத்தில் விற்கப்படுகின்றன. தம் பணம் எத்தளத்துக்குச் செல்கின்றது என்பதை விளம்பரம் செய்வோரே அறியாதிருத்தல் உண்டு. மதிப்புள்ள கம்பனிகளின் பெயர்கள் களவுப் படங்களின் அருகே தோன்றும் அவலம் இவ்வாறு நேர்கின்றது. இலண்டன் நகரப் பொலிசார் 2013இல் இதற்கெனத் தனிப் பிரிவொன்றை அமைத்து, களவுத் தளங்களின் பட்டியலை விளம்பரத் துறையினருக்கு அளிக்கத் தொடங்கினர். கேட்போனைத் துரத்துவதை விடுத்துப் பணத்தின் வழியை அடைக்கும் முறை இது. உரிமை பெற்ற தளமும் களவுத் தளமும் கேட்போனிடம் பணங் கேட்பதில்லை. இரண்டுமே அவன் கண்முன் விளம்பரத்தை வைக்கின்றன. முன்னையது பெற்றதிற் பங்கைக் கலைஞனுக்குக் கொடுக்கின்றது; பின்னையது முழுவதையும் தானே வைத்துக்கொள்கின்றது. இதுவே தொடக்கத்திற் கூறிய வேறுபாடு.

சட்டத்துக்கமைந்த வழியிலுங் குறைகள் உள. பங்கு கலைஞனுக்குச் செல்கின்றதெனினும், அது பெரும்பாலும் புகழ் பெற்றோரையும் பெருங் கம்பனிகளையுமே அடைகின்றது. ஓராண்டில் ஆயிரந் தடவைக்குக் குறைவாகக் கேட்கப்படும் பாட்டுக்குப் பங்கு தருவதில்லை என்னும் விதியை ஸ்பொட்டிபை 2024இல் நடைமுறைப்படுத்தியது. சிறு மொழிகளிலும் சிறு ஊர்களிலும் பாடுவோருக்கு இவ்விதி கடுமையானது. இரண்டாவதாக, இக்கால விளம்பரம் பற்பசை விளம்பரம் போன்றதன்று. கேட்போன் எதைக் கேட்டான், எங்கிருந்தான், எதை வாங்க எண்ணினான் என்பவற்றையெல்லாம் அது தொடர்ந்து குறித்துவைக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் நடைமுறைப்படுத்திய சட்டம் இதற்கு ஓரளவு எல்லை வகுத்தது. மூன்றாவதாக, கவனத்தை விற்போர் அக்கவனத்தை விடாது பற்றிக்கொள்ள முற்படுவர். ஒரு பாட்டு முடியுமுன் மற்றொன்றும், ஒரு படம் முடியுமுன் வேறொன்றும் தாமே வந்து நிற்கின்றன. செய்தி பெருகப் பெருகக் கவனம் வறுமையுறும் என்று ஹேர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் 1971இலேயே சுட்டிக்காட்டினார். கற்கும் பருவத்தினருக்கு இவ்விலை பணத்தினும் பெரிதாகும்.

இவற்றையெல்லாந் தொகுத்து நோக்கினால் ஓருண்மை தெளிவாகும். புதிய பொறி தோன்றுந்தோறும் உரிமையாளர் அஞ்சினர்; மக்கள் விலை கொடாது பெற விரைந்தனர்; சட்டம் இருவர்க்குமிடையே தடுமாறிற்று. தடை மட்டும் வென்றதில்லை. களவு மட்டும் கலையை வளர்த்ததில்லை. மக்கள் எளிதாகப் பெறவும் கலைஞன் கூலி பெறவும் வழிகண்ட ஏற்பாடுகளே நிலைத்தன. அரசின் பணம், வணிகரின் பணம், கேட்போரின் பணம் ஆகிய மூன்றும் வெவ்வேறளவிற் கலந்தே அவ்வேற்பாடுகள் அமைந்துள்ளன.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் எழுபதாண்டும் அவருக்கு உரிமை வழங்குகின்றது; கல்வியின் பொருட்டு நியாயமான அளவிற் பயன்படுத்தலையும் அனுமதிக்கின்றது. சட்டம் எல்லையை வகுக்கலாம். எல்லைக்குள் நடப்பது கேட்போனின் மனத்தைப் பொறுத்தது. பாணனின் யாழிசையை ஊர் முழுதும் கேட்டது. மன்னன் ஒருவன் பரிசில் அளித்தான். இன்று அம்மன்னன் இல்லை. அவன் இருந்த இடத்தில் விளம்பரப் பலகையும், மாதக் கட்டணமும், கேட்போன் ஒவ்வொருவனின் நேர்மையும் நிற்கின்றன. பாணன் வெறுங்கையோடு திரும்பாதிருத்தல் இம்மூன்றின் பொறுப்பாகும்.